பாதியில் மூடிய புத்தகம்

(பழவேற்காட்டில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். விடிவதற்கு முன்பே வலைக்குப் போக வேண்டியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பிடிக்காத புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்துத்தான் தீர வேண்டுமா? பல ஆண்டுகள் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவன் நான். என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. யாரும் இதை நேராகக் கேட்டதில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மேசையைப் பார்த்துக்கொண்டு, "முழுசாப் படிக்கல சார்" என்பார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டது போன்ற குரல். அந்தக் குரலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வீடு நிறையப் புத்தகம் உள்ள குடும்பத்தில் பிறந்தவருக்கு ஒரு நாவல் பிடிக்கவில்லை என்றால், "சுமாரான புத்தகம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளை அதே நாவலை அதே நாற்பதாவது பக்கத்தில் மூடிவிட்டு, "எனக்கு மண்டையில ஏறல" என்று சொல்லும். இருவரும் நின்ற இடம் ஒன்று. ஒருவர் குறையைப் புத்தகத்தின்மேல் போட்டார், மற்றவர் தன்மேல் போட்டுக்கொண்டார். முதலாமவர் இழந்தது ஒரு புத்தகம். இரண்டாமவர் பல நேரம் வாசிப்பையே விட்டுவிடுகிறார். கடலோர ஊர்களில் இப்படி வாசிப்பை விட்டவர்கள் ஏராளம். படிக்க ஆசை இல்லாமல் அவர்கள் விடவில்லை. பொருந்தாத ஒரு புத்தகம் முதலில் கைக்கு வந்துவிட்டது, அதைக் கீழே வைக்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு மாணவியை நினைவிருக்கிறது. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினாள். பரிசு, செங்கல் கனத்தில் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு. அதுவரை நூலகத்துக்கு ஓடி ஓடி வந்தவள் அதற்குப் பிறகு வரவில்லை. வழியில் பார்த்துக் கேட்டபோது, "அத முடிச்சிட்டு வர்றேன் சார்" என்றாள். அவள் முடிக்கவே இல்லை. பரிசாக வந்த புத்தகம் மற்ற புத்தகங்களுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பரிசளித்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அளித்தார்கள். ஆனால் மேடையில் நிற்கும் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிகளில் பரிசுப் புத்தகம் வாங்கும் ஆசிரியர்கள் இங்கே இருந்தால் ஒரு வேண்டுகோள்: நான்கு மெல்லிய புத்தகங்களை வாங்கி மேசையில் பரப்பி, "உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். செலவு அதேதான் ஆகும்.

பிடிக்காததை மூடுவது குற்றமல்ல என்று நான் சொல்வது புதிதும் அல்ல. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். உலகின் பல இடங்களில் நூலகப் படிப்பு படிப்பவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பவை அடுத்த இரண்டு. நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது. கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்கிறது.

நான்காவது விதியை நூலகர்கள் தங்களுக்கானதாக எடுத்துக்கொண்டோம். அடுக்கில் ஒழுங்காக வை, கேட்டதும் எடுத்துக் கொடு என்று புரிந்துகொண்டோம். அது வாசகருக்கும் உரியது என்பது என் எண்ணம். பகலெல்லாம் பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவும் ஒரு பெண்ணுக்கு, வீட்டுவேலை முடிந்து ராத்திரி கிடைப்பது அரை மணி நேரம். மீன் ஏலம் முடித்து, கூடை தூக்கி, ஊர் ஊராய் விற்றுவிட்டு வரும் அக்காவுக்கு அதுவும் கிடைக்காது. அந்த அரை மணி நேரத்தை ஈர்க்காத ஒரு புத்தகத்துக்குக் கடமைக்காகக் கொடு என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. நேரம் குறைவாக உள்ளவர்தான் புத்தகத்தைத் தயங்காமல் மூட வேண்டியவர். நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

இரண்டாம் விதியையும் மூன்றாம் விதியையும் சேர்த்துப் பாருங்கள். எனக்குப் பிடிக்காத புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார். நான் பாதியில் வைத்தது அவர் கைக்குப் போக வேண்டும், அலமாரியில் தூங்கக் கூடாது. ரங்கநாதன் இதைத் தாளில் மட்டும் எழுதிவிட்டு உட்காரவில்லை. அதே 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசல் கிராமத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அதைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். நூலகச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1948-இல். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வண்டி ஊர் ஊராகப் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்து, வாங்கி, மாற்றிக் கொடுத்தது.

பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தானியேல் பென்னாக், 1992-இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தை எழுதினார். புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை அதில் ஒன்று, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை இன்னொன்று. வாசிப்பை வெறுத்துப்போன மாணவர்களோடு பழகிய ஆசிரியர் அவர். அதனால்தான் இந்த உரிமைகளின் தேவை அவருக்குத் தெரிந்தது. அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு கணக்கே சொல்கிறார்: ஐம்பது பக்கம் படித்துப் பார், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அவர் சலுகை தருகிறார். நூறிலிருந்து வயதைக் கழித்து, மீதி வரும் பக்கம் படித்தால் போதும். எழுபது வயதுப் பெரியவருக்கு முப்பது பக்கம். இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் எல்லாப் பிடிக்காமையும் ஒரே வகை அல்ல. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சலிப்புத் தட்டும் புத்தகத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. மூடுங்கள், கொடுங்கள், அடுத்ததை எடுங்கள். மொழி புரிபடாததால் பிடிக்காமல் போவது வேறு. ஜோ டி குருஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு' 2004-இல் வந்தது. ஆமந்துறை என்ற கடற்கரை ஊரின் மூன்று தலைமுறைக் கதை. மீனவ ஊர் என்றதும் நகரத்து நண்பர்கள் உடனே அந்த நாவலைத்தான் கையில் திணிப்பார்கள். "உங்க கதைதான், படிங்க" என்பார்கள். வாங்கிப் பிரித்தால் அது தென்கடலின் பேச்சு. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கருவிகளுக்கும் அங்கே வழங்கும் சொற்கள் பல உங்கள் சொற்களாக இருக்காது. தொழில் ஒன்று, கடல் ஒன்று, பேச்சு வேறு. "நம்ம கதையே நமக்குப் புரியலையே" என்று இங்கே ஒரு இளைஞர் வருத்தப்பட்டால் அதில் அவர் குறை எதுவும் இல்லை. அப்படிப்பட்ட புத்தகத்துக்கு நான் ஐம்பது பக்கக் கணக்கைப் பார்க்க மாட்டேன். இரண்டு பேராக உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத வட்டாரப் பேச்சு காதுக்குச் சீக்கிரம் பிடிபடும். அதற்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால், வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' போன்ற சிறிய நாவலுக்கு வாருங்கள். மணப்பாட்டு மக்களின் கதை, ஓரிரு உட்காரலில் முடிந்துவிடும். பிறகு பெரியதற்குத் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம்.

மீனவருக்கு மீனவர் நாவலைத்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். பகல் முழுக்கக் கடலைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ராத்திரி பொன்னியின் செல்வன் வேண்டியிருக்கலாம், துப்பறியும் கதை வேண்டியிருக்கலாம், வானியல் வேண்டியிருக்கலாம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்பும்போது வீட்டு வாசலிலிருந்தே பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். அந்தப் பிள்ளைக்கு வலையைப் பற்றிய கதையை மட்டும் நீட்டுவது, அவனுக்கு நாமே வேலி போடுவதாகும்.

சில புத்தகம் கோபமூட்டும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-இல் மலையாளத்தில் வந்தது. தமிழில் மொழிபெயர்த்தவர் சுந்தர ராமசாமி. கடலுக்குப் போன கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது என்ற நம்பிக்கையைச் சுற்றி அந்தக் கதை நடக்கிறது. குப்பத்துப் பெண் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "புயலுக்கும் பழி எங்க மேலயா?" என்று கேட்டால் அந்தக் கேள்வி நூற்றுக்கு நூறு சரியானது. இந்த மாதிரிப் புத்தகத்தை மட்டும் பாதியில் விடாதீர்கள் என்பேன். சலிப்பு மூட்டுவதை விடலாம். சண்டைக்கு இழுப்பதை முடிவுவரை படித்து, பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வாதாடுங்கள். பாதியில் விட்டால் நம் கோபம் பாதிக் கோபமாகவே நின்றுவிடும்.

காரணம் கேட்கவே கூடாத இடமும் உண்டு. 'ஆழி சூழ் உலகு' நடுக்கடலில் சிக்கித் தத்தளிப்பவர்களோடு தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கரை இது. கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் சுனாமிக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் அந்த நாவலை முதல் அத்தியாயத்திலேயே மூடிவைத்தால், ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். அது எத்தனை சிறந்த நாவலாக இருந்தாலும் சரி.

இனி, அடுத்த புத்தகம் எங்கிருந்து வரும் என்பதைப் பார்ப்போம். நல்ல புத்தகக் கடைக்கு இங்கிருந்து சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று திட்டமிட்டார்கள். அதில் பல கட்டடங்கள் பூட்டியே கிடக்கின்றன. இந்த நிலையில் வாசகருக்குத் துணை இன்னொரு வாசகர்தான். நம் ஊர்களில் அது எப்போதும் அப்படித்தான் இருந்து வந்திருக்கிறது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வாரா வாரம் தாளைக் கிழித்துச் சேர்த்துவைத்து, தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனை! அந்தக் கட்டு ஒரு தெரு முழுக்கச் சுற்றி வரும். கடைசியில் யார் வீட்டில் இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

இப்படி ஒருவர் இன்னொருவருக்குப் புத்தகம் சொல்வதைத் தன் வாழ்நாள் வேலையாகச் செய்தவர் க.நா. சுப்ரமண்யம். அவருடைய ஒரு நூலின் பெயரே 'படித்திருக்கிறீர்களா?' நட் ஹாம்சன், செல்மா லாகர்லெவ், பேர் லாகர்குவிஸ்டு என்று வட ஐரோப்பிய எழுத்தாளர்களைத் தான் படித்து மகிழ்ந்ததோடு நிற்காமல் தமிழில் மொழிபெயர்த்தும் கொடுத்தார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் அவரே. அதனால் பகை வந்தது. ஆனால் அவர் "இதைப் படி" என்று சொன்னபோது அந்தச் சொல்லுக்கு எடை இருந்ததும் அதனால்தான். எல்லாவற்றையும் நல்ல புத்தகம் என்பவரின் சிபாரிசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கே பலருக்கு டச்சுக் கல்லறை தெரியும், கெல்டிரியா கோட்டை இருந்த மேடும் தெரியும். அந்தக் கோட்டையில் 1632 முதல் பத்து ஆண்டுகள் ஆபிரகாம் ரொஜேரியுஸ் என்ற டச்சுப் பாதிரியார் இருந்தார். அவருக்குப் பத்மநாபன் என்ற பிராமணர் பழக்கமானார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தாய்மொழி அல்ல. இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்ச்சுகீசியம். அந்தக் கடன்மொழியில் பத்மநாபன் தனக்குத் தெரிந்த பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களைப் பொருள் சொல்லி விளக்க, பாதிரியார் டச்சில் எழுதிக்கொண்டார். அவர் எழுதிய பெரிய நூலோடு அந்த மொழிபெயர்ப்பும் 1651-இல் லெய்டன் நகரில் அச்சேறியது. பாதிரியார் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். பிறகு 1663-இல் ஜெர்மனிலும் 1670-இல் பிரெஞ்சிலும் அது வந்தது. சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சான கதை இது. தொடங்கிய இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கரை.

பர்த்ருஹரி எழுதியதாகச் சொல்லப்படுபவை மூன்று நூறுகள்: நீதி, வைராக்கியம், சிருங்காரம். ரொஜேரியுஸ் நூலில் உள்ளவை நீதியும் வைராக்கியமும் மட்டுமே. காதல் பாடல்கள் இல்லை. ஒரு பாதிரியாரோடு உட்கார்ந்து பேசும்போது எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்ற கேள்வி அங்கே எழாமல் இருந்திருக்காது. மூன்றில் ஒன்று விடுபட்டது ஒரு வகையில் இழப்புத்தான். ஆனாலும் புத்தகம் சொல்வது என்றால் எதிரே இருக்கும் ஆளைப் பார்த்துச் சொல்வது என்பதற்கு எனக்கு இதைவிடப் பழைய சான்று தெரியாது.

நம் காலத்துக்கு அருகிலும் இப்படி இருவர் உண்டு. இடைசெவல் என்ற கரிசல் கிராமத்தில் எழுத்தாளர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் போல வளர்ந்த நண்பர்கள். இசையும் புத்தகமும் அவர்களுக்கிடையே ஓயாத பேச்சு. அழகிரிசாமி வேலைக்காக வெளியூர் போனபின் அந்தப் பேச்சு கடிதமாயிற்று, அந்தக் கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவும் வந்தன. இருவரும் பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். அழகிரிசாமிக்கு அவர் இறந்தபின் 1970-இல் கிடைத்தது, 'அன்பளிப்பு' தொகுப்புக்காக. அந்தத் தலைப்புக் கதையைக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்துப் பழகிய ஒருவர், ஒரு சிறுவனுக்கு மட்டும் அன்பளிப்புத் தராமல் விட்டுவிடுகிறார். மேற்கொண்டு நான் சொல்லமாட்டேன், சிறிய கதைதான். நீங்களே படியுங்கள்.

நண்பருக்குப் புத்தகம் சொல்லும்போது "நல்ல புத்தகம், படி" என்றால் அதில் ஒன்றும் இல்லை. "உங்க அப்பாகூட நீ பேசாம இருக்கிறயே, அதனால இதப் படி" என்று சொன்னால் அதில் நண்பன் இருக்கிறான். "முதல் முப்பது பக்கம் மெதுவாப் போகும், பொறுத்துக்கோ" என்று சொல்லிவிடுவது பெரிய உதவி. வாங்கிக்கொள்பவருக்கும் ஒரு கடமை உண்டு. பிடிக்கவில்லையென்றால் பிடித்தது என்று பொய் சொல்லக் கூடாது. மனம் நோகுமே என்று பொய் சொல்கிறோம். அந்தப் பொய்யை நம்பி அவர் அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவருவார். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், அவரைக் கண்டதும் புத்தகப் பேச்சையே தவிர்ப்போம். "எழுபதாம் பக்கத்துல நிறுத்திட்டேன், அந்த அத்தை செத்தப்புறம் கதை ஓடல" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை அவர் கொண்டுவரும் புத்தகம் உங்களுக்குப் பொருந்தும்.

புத்தகம் வர இன்னொரு வழியும் உண்டு. பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் மெல்லிய புத்தகங்கள் வந்தன. அந்த வரிசையில் பெரியவர்களும் தாராளமாகச் சேரலாம். பேரப்பிள்ளையின் 'நட' புத்தகத்தைப் பாட்டி எடுத்துப் படிப்பதைவிட எனக்கு மகிழ்ச்சி தரும் காட்சி வேறில்லை.

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் ஏரியில் பாடு இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துச் சுற்றி வருகிறீர்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறீர்கள். அரசாங்கச் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே நீங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதைப் போலப் புத்தகத்துக்கும் ஒரு பாடு வையுங்கள். பத்துப் பேர் சேருங்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் போட்டால் பத்துப் புத்தகம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கை மாறட்டும். ஒரே ஒரு மாற்றம் வேண்டும். ஏரிப் பாட்டில் பெயர் உள்ளவர்கள் ஆண்கள், ஏரியில் இறங்கும் எல்லாச் சமூகத்துக்கும் அதில் இடமில்லை. புத்தகப் பாட்டில் பெண்கள் பெயர் முதலில் எழுதப்பட வேண்டும். ஏரியை நம்பிப் பிழைக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை பெயரும், இங்குள்ள ஜமீலாபாத் ஊர்ப் பிள்ளை பெயரும் அதே தாளில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். முடித்தவர் பெயரை எழுதட்டும், முடிக்காதவர் பெயரோடு நிறுத்திய பக்கத்தையும் எழுதட்டும். முடிக்காதவர் அபராதமும் கட்ட வேண்டாம், விளக்கமும் சொல்ல வேண்டாம். நான்கு பேர் ஒரே பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அந்தப் பக்கத்தைப் பற்றியே ஒரு கூட்டம் போடலாம், என்னைக் கூப்பிட்டால் வருகிறேன்.

பத்துப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். அந்த மேசையில் இருக்கின்றன, தாளும் ஒட்டியிருக்கிறது. தம்பி, அந்தச் சீட்டுக்குடத்தை முதலில் அக்காமார் பக்கம் கொண்டுபோ.